பெட்ரோலும் சாராயமும் வெள்ளீயமும்

பித்தளைப் பானையில் புளியைக் கரைத்து வைத்தால் பொழுது விடிவதற்குள் பச்சைக் களிம்பு ஏறிவிடும் என்பதை நம் பாட்டிமார் எவரும் பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை. கற்காமலே அறிந்திருந்தனர். ஆகவேதான் ஈயம் பூசுகிறவர் தெருமுனையில் துருத்தியை நட்டு அடுப்பு மூட்டியதும், வீட்டுப் பாத்திரங்களெல்லாம் அவர்முன் வரிசையாக வந்து அமர்ந்தன. அவர் பாத்திரத்தைக் காய்ச்சுவார். நவச்சாரத் தூளைத் தூவுவார். ஈயக் குச்சியை ஓர் இழுப்பு இழுத்துப் பழந்துணியால் சுழற்றித் துடைப்பார். கறுத்துக் கிடந்த உட்புறம் வெள்ளிபோல் மின்னும். பித்தளைக்கும் புளிக்கும் இடையே ஒரு மெல்லிய திரை விழுந்துவிட்டது. இனி ஒன்றையொன்று தீண்டா.

சமையலறையில் நடந்த இவ்வேலை மோட்டார் வண்டியின் பெட்ரோல் தொட்டிக்குள்ளும் நடந்திருக்கிறது. அதில் நம் பேராக் மாநிலத்து ஈயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வரலாற்றைத் தேடிப் பார்க்கும்படி என்னைத் தூண்டியது தொலைபேசியில் வந்த ஒரு கேள்வியாகும். 2025ஆம் ஆண்டின் நடுவில், திருச்சியை அடுத்த ஒரு சிற்றூரில் வாழும் என் தமக்கை மகன் பேசினான். அவனிடம் பதினைந்து ஆண்டுப் பழமையான மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டே அவன் பிழைப்பு ஓடுகிறது. “மாமா, வண்டித் தொட்டிக்குள்ளே துரு கண்டிருக்குது. பெட்ரோலில் சாராயம் கலக்கிறாங்களே, அதுதான் காரணம் என்று இங்கே எல்லாரும் சொல்றாங்க. நீங்க வாத்தியார், சொல்லுங்க, உண்மையா?” என்று கேட்டான். உடனே விடை கூற இயலவில்லை. ஆம் என்பதும் பிழை, இல்லை என்பதும் பிழை என்று மட்டும் தோன்றியது. அவனுக்குச் சொல்லவேண்டிய விடையே விரிந்து இக்கட்டுரையாயிற்று.

இரண்டு ஈயங்கள்

தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறித்து வழங்கிவருகிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. தூண்டிற் குண்டும் பழைய அச்சு எழுத்தும் காரீயம் கலந்தவை. முன்னது உணவுக்கு உகந்தது, பின்னது நஞ்சு. காரீயம் விலை மலிந்தது. ஆதலால் பூசும் ஈயத்தில் காரீயத்தைக் கலந்து ஏமாற்றுவோரும் இருந்தனர். அத்தகையோர் பூசிய பாத்திரம் சில நாளில் மங்கிப் போகும். மங்கலைக் கண்டே வஞ்சகத்தைக் கண்டுகொண்ட மூதாட்டிகளைப் பற்றித் தோட்டத்து லயங்களில் கதைகள் உண்டு.

தகரம் என்னும் சொல்லையும் ஈண்டுக் கருதவேண்டும். இக்காலத்தில் கூரைக்குப் போடும் இரும்புத் தகட்டையும் மண்ணெண்ணெய் டின்னையும் தகரம் என்கிறோம். பழைய வழக்கில் அது வெள்ளீயத்துக்கே பெயர். இரும்புத் தகட்டின்மீது வெள்ளீயத்தைப் பூசியதால் பூசப்பட்டதும் தகரமாயிற்று. நாலு கேலன் கொள்ளும் மண்ணெண்ணெய்த் தகரம் நம் மக்கள் வாழ்வில் எத்தனை வேலை செய்தது! எண்ணெய் தீர்ந்தபின் அதுவே தண்ணீர்க் குடம். அதுவே வெந்நீர் அண்டா. வெட்டி விரித்தால் கோழிக்கூண்டுக்குக் கூரை. அந்தத் தகரத்தின்மேல் மின்னிய பூச்சில் கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணும் கலந்திருந்தது என்பதை அதைச் சுமந்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

பேராக்கில் 1840களில் லாருட் பகுதியிலும், 1880களில் கிந்தாவிலும் ஈயம் தோண்டும் தொழில் பெருகிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் எடுத்த வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவினது. அஃது உருக்கப்பட்டுக் கட்டிகளாகக் கப்பலேறி வேல்ஸ் நாட்டின் சுவான்சி, லனெல்லி போன்ற ஊர்களிலும் அமெரிக்காவிலும் தகட்டின்மேற் பூச்சாயிற்று. எண்ணெய் நிறுவனங்கள் மண்ணெண்ணெயையும் பெட்ரோலையும் அத்தகரத்தில் அடைத்து உலகெங்கும் அனுப்பின, மலாயாவுக்கும் அனுப்பின. போன ஈயம் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

மோட்டார் வண்டி பெருகியபோது தொட்டி செய்வோர் வேறொரு வழி கண்டனர். வெள்ளீயம் விலை உயர்ந்தது, காரீயம் மலிவு. ஆனால் தனிக் காரீயம் இரும்பில் ஒட்டாது. சிறிது வெள்ளீயத்தைக் கலந்தால் அவ்வெள்ளீயம் இரும்போடு பிணைந்து காரீயத்தையும் உடன் பிடித்துக்கொள்ளும். இவ்வாறு பெரும்பகுதி காரீயமும், ஐந்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைந்த வெள்ளீயமும் சேர்ந்த பூச்சுக்கு டெர்ன் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு மங்கலானது என்று பொருள். நம் மூதாட்டிகள் கண்டுபிடித்த அதே மங்கல்! ஆனால் இங்கே வஞ்சகம் இல்லை. பெட்ரோலுக்கு அந்தப் பூச்சே போதுமானதாக இருந்தது. பல பத்தாண்டுகள் உலகின் மோட்டார் வண்டிகளில் பெரும்பாலானவை டெர்ன் பூசிய தொட்டியோடுதான் ஓடின.

அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம் பெட்ரோலின் இயல்பாகும். பெட்ரோல் நீரோடு சேராது; மின்சாரத்தையும் எளிதிற் கடத்தாது. துருவும் களிம்பும் தோன்ற நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன், மின்னோட்டத்துக்கு ஒரு வழி ஆகிய மூன்றும் தேவை. பெட்ரோலுக்குள் இம்மூன்றும் கூடுவது அரிது. தொட்டியில் ஒரு துளி நீர் இருந்தாலும் அது தனித்து அடியிற் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டுமே தீங்கு செய்யும். ஆதலால் பெட்ரோலை மெத்தனமான திரவம் என்று கருதலாம். எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அது வம்புக்குப் போகாது.

சாராயம் வந்த வழி

அந்த அமைதியைக் கெடுத்தது எத்தனால் எனப்படும் சாராயமே. கரும்பு விளையும் நாடுகளிலும், உருளைக்கிழங்கு, பீட் கிழங்கு மிகுந்த நாடுகளிலும் எஞ்சியவற்றை வடித்து வண்டிக்கு ஊற்றலாம் என்னும் எண்ணம் மோட்டார் வண்டியின் வயதுடையது. ஆயினும் ஓர் இடையூறு இருந்தது. எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் சாராயத்தின் செறிவு எடையளவில் நூற்றுக்குத் 95.6 பங்கைத் தாண்டாது, எஞ்சியது நீர். அந்த நீரோடு பெட்ரோலில் கலந்தால் இரண்டும் பிரிந்துவிடும். 1902இல் சிட்னி யங் என்னும் ஆங்கில அறிவியலார் பென்சீனைச் சேர்த்து வடித்தால் எஞ்சிய நீரையும் பிரிக்கலாம் என்று காட்டினார். முழுதும் உலர்ந்த சாராயத்தை ஆலையளவிற் செய்ய அதன்பின் வழி பிறந்தது.

1923இல் பிரான்சு நாடு, பெட்ரோல் இறக்குமதி செய்வோர் ஒரு பங்கு சாராயத்தையும் வாங்கிக் கலக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. 1928 முதல் பிரிட்டனில் கிளீவ்லாந்து டிஸ்கால் என்ற பெயரில் சாராயம் கலந்த பெட்ரோல் பல்லாண்டுகள் விற்பனையாயிற்று. 1931இல் பிரேசில் அரசு இறக்குமதிப் பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு சாராயத்தைக் கட்டாயமாக்கிற்று. இவற்றின் நோக்கம் பெரும்பாலும் உழவர் விளைச்சலுக்கு விலை தேடுவதே. வண்டியின் நலனை முன்னிட்டு எழுந்தவை அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நல்லது. சாராயப் பெட்ரோலின் வரலாறு முழுவதும் கரும்புக் காட்டில் தொடங்கித் தொட்டியில் முடிகிறது. தொட்டியைப் பற்றிய எண்ணம் எப்போதும் பின்னாலேயே வந்து சேர்கிறது.

இந்தியாவிலும் அவ்வாறே. மைசூர் சமஸ்தானத்தில் 1930களில் மண்டியாவில் சர்க்கரை ஆலை எழுந்தபின், கரும்புப் பாகின் கழிவை வடித்து வண்டிக்கு ஊற்றும் முயற்சியும் தொடங்கிற்று. ஐதராபாத் சமஸ்தானத்தில் இலுப்பைப் பூவை வடித்தனர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை என்பது பழமொழி. பெட்ரோல் இல்லா ஊருக்கு அதுவே பெட்ரோலும் ஆயிற்று. போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததால் இம்முயற்சிகள் வலுப்பெற்றன. விடுதலைக்குப்பின் 1948இல் இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் நிறைவேறியது. பின்னர் அரபு நாட்டு எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது அச்சட்டம் ஏட்டளவில் நின்று, 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

மலாயாவிலும் 1920களில் வேளாண்மைத் துறையார் கடற்கரைச் சேற்றில் வளரும் நீபாப் பனையின் சாற்றிலிருந்து சாராயம் எடுக்கும் வாய்ப்பை ஆராய்ந்தனர். அது பெருந்தொழிலாகவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் அற்றுப்போனபோது இங்கே வண்டிகள் கரிவாயுவிலும், ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயிலும் ஓடின. விற்க ஆளின்றிக் கிடந்த ரப்பரை வடித்து அதே ரப்பராலான சக்கரத்தை உருட்டிய காலம் அது! அக்காலத்து எரிபொருள்கள் எந்திரத்தை என்ன பாடு படுத்தின என்பதைத் தனியே எழுதவேண்டும்.

கள்ளுப் பானை சொல்லும் பாடம்

நிற்க. சாராயம் உலோகத்தை எவ்வாறு கெடுக்கிறது? சாராயமே இரும்பைத் தின்னுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. தூய சாராயத்தில் ஓர் ஆணியைப் போட்டு மூடி வைத்தால் நெடுநாள் அப்படியே கிடக்கும். சாராயம் செய்யும் தீங்கு, அது தன்னோடு கூட்டிவரும் நண்பர்களால் ஆவது. நீர், அமிலம், உப்பு ஆகியவையே அந்நண்பர்கள்.

முதலாவது நீர். பெட்ரோலைப்போல் சாராயம் நீரை விலக்குவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சாராயம் கலந்த பெட்ரோல், 15 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் நீரை அடக்கிக்கொள்ளும். அந்த அளவுவரை பார்வைக்கு எல்லாம் தெளிவாகவே இருக்கும். அளவு மீறினால், அல்லது குளிர் ஏறினால், அடங்கியிருந்த நீர் சாராயத்தையும் கையோடு அழைத்துக்கொண்டு தொட்டியின் அடியில் தனிப் படலமாக இறங்கிவிடும். மேலே சாராயமிழந்த பெட்ரோல். கீழே நீரும் சாராயமும். அக்கீழ்ப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். இரும்பும் பித்தளையும், அலுமினியமும் செம்பும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இடங்களில் அது சிறு மின்கலமாகவே செயற்படும். இரண்டில் இளைத்த உலோகம் கரையும். ஓராண்டு முழுவதும் காற்றில் ஈரம் சொட்டும் நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது பெரிய செய்தி.

இரண்டாவது அமிலம். இதை விளக்க நம் மக்களுக்கு நூல் வேண்டியதில்லை. தோட்டங்களில் அரசாங்க அனுமதியோடு கள்ளுக்கடைகள் நடந்த காலத்தை முதியோர் அறிவர். காலையில் இறக்கிய கள் மாலையில் கடுக்கும், மறுநாள் புளிக்கும், அதற்கும் பின்னால் காடியாகும். கள்ளிலுள்ள சாராயத்தை நுண்ணுயிர்கள் காற்றின் துணையோடு காடியமிலமாக மாற்றிவிடுவதே அம்மாற்றம். அதனாலன்றோ கள்ளுக்கு மண்பானை! செம்பிலோ பித்தளையிலோ இட்டு வைத்த கள்ளை எவரும் நம்பிக் குடிப்பதில்லை. பெட்ரோலிற் கலந்த சாராயமும் மெல்ல மெல்ல அதே வழியிற் செல்லக்கூடியது. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகளுக்கு மேலுள்ள குழிகளில், சாராய ஆவியும் ஈரமும் கூடிய இடத்தில், காடியை உண்டாக்கும் அந்த நுண்ணுயிர்களையே ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தனர். அங்கிருந்த இரும்பும் செம்பும் அரித்துப் போயிருந்தன. நம் கள்ளுப் பானை பெட்ரோல் நிலையத்துக்குக் குடிபோனதுபோல் இருக்கிறது.

மூன்றாவது உப்பு. குளோரைடு என்னும் உப்புப் பொருள் மிகச் சிறிதளவு இருந்தாலும் உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தை ஊசியாற் குத்தியதுபோல் துளைத்துவிடும். அமெரிக்கத் தரவரையறை எத்தனாலில் குளோரைடுக்கு முன்பு லிட்டருக்கு 40 மில்லிகிராம்வரை இடம் தந்தது. பின்னர் அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. செம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. செம்புக்கு ஏன் இத்தனை கடுமை? கரைந்த செம்பு பெட்ரோலில் பிசின் படியத் தூண்டும். இதுவும் தோட்டத்தாருக்குப் புதிதன்று. ரப்பர்ப் பாலிற் செம்பு பட்டால், எத்துணைச் சிறிதாயினும், அந்த ரப்பர் விரைவில் பிசுபிசுத்துப் பாழாகும். அதனால் நல்ல ஸ்டோர்களில் பால் புழங்கும் இடத்தில் பித்தளைக் குழாயையும் செம்புக் கம்பியையும் அண்டவிடுவதில்லை. திராவகம் ஊற்றிப் பால் உறையவைக்கும் தொட்டிகளுக்கு அலுமினியத்தைத் தேர்ந்துகொண்டனர். எந்தத் திரவத்துக்கு எந்த உலோகம் என்ற அறிவில் நம் தோட்டங்கள் பின்தங்கியிருக்கவில்லை.

நீர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சூடேறிய எந்திரப் பகுதிகளில், நூறு பாகையை ஒட்டிய வெப்பத்தில், சாராயம் மிக உலர்ந்திருந்தால் அலுமினியத்தை நேரே தாக்குகிறது. சிறிதளவு நீர் இருந்தால் அத்தாக்குதல் நிற்கிறது. இரும்புக்குப் பகையான நீர் அலுமினியத்துக்குக் காவலாகிவிடுகிறது! ஒரே குழம்பில் ஒருவருக்கு உப்புக் கூடுதல், மற்றவருக்குக் குறைவு என்பதுபோல்தான் இதுவும். ஒரு வண்டியில் பல உலோகங்கள் இருப்பதனால் எல்லாவற்றுக்கும் உகந்த சாராயம் என்று ஒன்று இல்லை. அளவுகளை நடுவில் பிடித்து நிறுத்தி, அரிப்புத் தடுக்கும் மருந்துகளைத் துளியளவு சேர்த்துத்தான் காலந்தள்ளுகின்றனர்.

பிரேசிலின் வெள்ளீயம்

இவ்வளவையும் பெரும் பொருட்செலவில் கற்ற நாடு பிரேசில். 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியதும் அந்நாடு தத்தளித்தது. 1975 நவம்பர் 14ஆம் நாள் புரோஆல்கூல் என்னும் திட்டத்தை அறிவித்தது. முதலிற் பெட்ரோலில் சாராயத்தின் பங்கை உயர்த்தினர். அடுத்து முழுதும் சாராயத்தில் ஓடும் வண்டியைச் செய்யத் துணிந்தனர். 1979இல் பியட் 147 என்னும் சிறு கார் அவ்வாறு விற்பனைக்கு வந்தது. 1980களின் நடுவில் அந்நாட்டில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சாராயக் கார்கள்.

அவ்வண்டிகளில் ஊற்றியது உலர்ந்த சாராயமன்று. நூற்றுக்கு ஐந்தாறு பங்கு நீரோடு கூடிய மலிவான சாராயம். நீரும் அமிலமும் ஒருங்கே வந்தன. டெர்ன் பூசிய தொட்டியில் காரீயம் கரைந்தது. கரைந்தது வடிகட்டியையும் கார்புரேட்டரின் நுண்துளைகளையும் அடைத்தது. துத்தநாகக் கலவையால் வார்த்த கார்புரேட்டருக்குள் வெண்மையான பொருக்குப் படிந்தது. பெட்ரோலோடு ஐம்பது ஆண்டுகள் சண்டையின்றி வாழ்ந்த உலோகங்கள் சாராயத்தோடு சில மாதங்களும் வாழமாட்டாமல் தவித்தன.

பிரேசிலின் பொறியாளர் கண்ட தீர்வு என்ன? கார்புரேட்டரின் உட்புறத்துக்கு நிக்கல் முலாம் பூசினர். குழாய்களின் உலோகத்தை மாற்றினர். தொட்டியில் காரீயம் கலந்த பூச்சை நீக்கிவிட்டுத் தூய வெள்ளீயத்தைப் பூசினர்! தெருமுனையில் துருத்தி ஊதியவர் புளிக்குச் செய்த மருத்துவத்தை ஒரு வல்லரசு நிகர்த்த நாடு சாராயத்துக்குச் செய்தது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. வகுப்பில் உடனே சொன்னேன். ஒரு சிறுமி, “அப்ப அவங்க ஊர்லயும் ஈயம் பூசுறவங்க தெருவுக்கு வருவாங்களா சார்?” என்று கேட்டாள்.

பிரேசில் செய்ததிற் கவனிக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. முழுச் சாராய வண்டியைப் பொறுத்தவரை அவர்கள் பாத்திரத்தை மாற்றியபின் குழம்பை ஊற்றினர். ஆலையிலிருந்து வந்த புதுக்கார் புதுப் பூச்சோடு வந்தது.

பிற்காலத்தில் பெருந்தொட்டிகளிலும் ஒரு விந்தை வெளிப்பட்டது. அமெரிக்காவில் எத்தனாலைச் சேமிக்கும் எஃகுத் தொட்டிகளிலும் குழாய்களிலும் பற்றவைத்த இணைப்புகளை ஒட்டி மயிரிழை போன்ற வெடிப்புகள் கண்டன. துரு இல்லை, உலோகம் தேயவில்லை, ஆனால் பிளந்திருந்தது. 2003இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இதுபற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. இழுவிசைக்கு உட்பட்ட எஃகும், எத்தனாலும், அதிற் கரைந்த ஆக்சிஜனும் கூடும்போது இவ்வெடிப்பு தோன்றுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வடித்த இடத்துத் தொட்டிகளைக் காட்டிலும் பயணம் செய்து காற்றோடு கலந்து வந்த இடத்துத் தொட்டிகளிலேயே தொல்லை மிகுந்திருந்தது.

பழைய வண்டியும் புதிய பெட்ரோலும்

இனித் தமிழகத்துக்கு வருவோம். 2003இல் இந்திய அரசு ஒன்பது மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்கு எத்தனால் கலக்கத் தொடங்கியபோது தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. சாராயம் போதாமையால் அடுத்த ஆண்டே திட்டம் தளர்ந்தது. பிறகு வேகம் பிடித்து, 2022 ஜூன் திங்களில் 10 பங்கு என்னும் இலக்கு எட்டப்பட்டது. 20 பங்குக்கு முதலிற் குறித்த ஆண்டு 2030. அது முன்னே இழுக்கப்பட்டு 2025இலேயே நிறைவேறியது. கரும்பு உழவர்க்கு வருவாயும், எண்ணெய் வாங்கும் அயல்நாட்டுப் பணத்தில் மிச்சமும் கிட்டின என்று அரசு கூறுகிறது. அவை உண்மையான நன்மைகள். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆயினும் தொட்டியின் பக்கமிருந்து பார்க்கவேண்டும். 20 பங்கு சாராயத்தைத் தாங்கும் பொருள்களால் ஆன வண்டிகள் 2023 ஏப்ரல் முதல்தான் வரத் தொடங்கின. அதற்குமுன் விற்ற கோடிக்கணக்கான வண்டிகள் அதே பம்பில்தான் நிற்கவேண்டும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர்ப் பகுதிகளையும் கேஸ்கெட்டுகளையும் மாற்றவேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் தந்தது. அது மலிவான, எளிய வேலை என்றும் சேர்த்துக்கொண்டது. மலிவு என்பது யாருக்கு? கலப்பில்லாத பெட்ரோலையும் வாங்க வாய்ப்பு வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ரப்பர்ப் பகுதி என்றதும் நம்மவர் சிலர், நம் பால்மரத்து ரப்பருக்கா இந்தக் குறை என்று வருந்தக்கூடும். வருந்த வேண்டா. பால்மரத்து ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ஆதலால் பெட்ரோல் குழாய்க்கு அது பொருந்தாது. செயற்கை ரப்பர் வகைகளே அவ்வேலைக்கு வந்தன. அவற்றுள்ளும் பழைய வகைகள் சாராயத்தில் உப்பும். புதிய வகைகள் தாங்கும்.

நம் நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்தில் இல்லை. ஆயினும் எல்லையைத் தாண்டி ஹாட்யாய்க்குக் காரோட்டிச் செல்லும் பேராக் வாசிகள், அங்கே கேசோஹால் என்ற எழுத்தைப் பார்த்து விழித்திருப்பர். தாய்லாந்தில் 10 பங்கும், 2008 முதல் 20 பங்கும் கலந்த பெட்ரோல் விற்பனையாகிறது. அங்கே ஓட்டுநர் தம் வண்டிக்கு ஏற்றதைப் பார்த்து ஊற்றலாம். வண்டியின் மூடியில் எழுதியிருப்பதைப் படித்தபின் ஊற்றுவது அறிவுடைமை. நம்மிடம் கலப்பது டீசலில் செம்பனை எண்ணெய்ப் பொருள். அதற்கும் உலோகச் சிக்கல் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பாசல், ஹசீப், மஸ்ஜுகி ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 80 பாகை வெப்பத்தில் செம்பனை டீசலில் ஊறவைத்த செம்பும் அலுமினியமும் வெறும் டீசலில் ஊறியவற்றினும் மிகுதியாக அரிக்கப்பட்டன. துருப்பிடிக்காத எஃகுக்குப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. செடி தரும் எண்ணெய் எதுவாயினும் அது உலோகத்தோடு உறவாடுகிறது. தஞ்சோங் மாலிமில் 2004 முதல் புரோட்டான் கார்கள் உருவாகிவருகின்றன. ஒரு நூற்றாண்டாக ஆசிரியப் பயிற்சிக்குப் பேர்போன ஊர், இப்போது காருக்கும் பேர்போனது. இங்குள்ள பிள்ளைகள் வேதியியலைப் பாடமாகப் படிப்பதோடு பிழைப்பாகவும் படிக்கவேண்டிய நாள் வந்துவிட்டது.

என் மருமகனுக்கு நான் பின்னர்ச் சொன்னது இதுதான். துருவுக்குச் சாராயம் மட்டுமே காரணம் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. அவன் வண்டி மழைக்காலம் முழுதும் அரைத் தொட்டிப் பெட்ரோலோடு திண்ணையோரம் நின்றிருக்கிறது. ஆனால் சாராயம் அத்துருவுக்கு உதவியிருக்கக்கூடும். ஆகவே வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் தொட்டியை முழுக்க நிரப்பு, அல்லது முழுக்க வடித்துவிடு. பாதியில் விட்டால் மேலுள்ள காற்றின் ஈரம் இரவில் உள்ளே வியர்க்கும். மூடியின் ரப்பரைப் பார்த்துக்கொள். அடியில் படிந்ததை மெக்கானிக்கிடம் சொல்லி அவ்வப்போது வடித்துவிடச் சொல். “தொட்டிக்கு ஈயம் பூசலாமா மாமா?” என்று கேட்டான். பூசிய தகட்டைக் கொண்டுதான் தொட்டி செய்ய முடியும். செய்து முடித்த தொட்டிக்குள் துணியை விட்டுத் துடைக்க வழியில்லை என்றேன். இருவரும் சிரித்தோம். அவன் சிரிப்பில் பாதிதான் இருந்தது.

இவ்வரலாற்றில் இன்னும் ஓர் ஏடு எஞ்சியிருக்கிறது. பிரேசில் தன் வண்டித் தொட்டிகளுக்கு வெள்ளீயம் பூசத் தொடங்கிய காலத்தில் உலகில் வெள்ளீயம் மிகுதியாக எடுத்த நாடு நம் மலேசியாவே. ஆனால் அதே ஆண்டுகளில் பிரேசிலின் அமேசான் காட்டில், பித்திங்கா என்னுமிடத்தில், பெரிய ஈயப் படிவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு 1980களின் தொடக்கத்தில் தோண்டப்படலாயிற்று. பிரேசில் அனைத்துலக ஈய மன்றத்தில் உறுப்பினரன்று; அளவுக்கட்டுப்பாடு அதற்கில்லை. அங்கிருந்து வந்த மலிவான ஈயமும், அலுமினிய டப்பாக்களின் பெருக்கமும் சந்தையை நிரப்பின. விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த மன்றம் 1985 அக்டோபரில் பணமின்றி முறிந்தது. லண்டன் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயம் அள்ளும் கப்பல் ஒன்று இன்று காட்சிப்பொருளாக நீரில் நிற்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அதன் வாளிகள் அனைத்தும் துருவேறியிருந்தன.